புல்லட்டில் எடுக்கும் வீடியோ ஏன் ஜெல்லி போல ஆடுகிறது, கேமராவை எங்கே மாட்டுவது

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி: வண்டி 2018 மாடல் ராயல் என்ஃபீல்ட் கிளாசிக் 350. ஹேண்டில்பாரில் ஃபோன் ஹோல்டர் மாட்டி எடுத்த வீடியோ முழுக்க ஜெல்லி போல நெளிகிறது. இப்போது ஓர் ஆக்‌ஷன் கேமரா வாங்கிவிட்டீர்கள். அடுத்த மாதம் கொல்லிமலை போகிறீர்கள், அதற்குள் "ஆடாத மவுண்ட்" எது என்று தெரிய வேண்டும். கடையில் அப்படி ஒரு பொருள் இல்லை. ஒரே மவுண்ட், ஒரே வண்டியில் ஓரிடத்தில் கல் போல நிற்கும், அதற்கு ஒரு சாண் தள்ளி மாட்டினால் தேனீ போல நடுங்கும். அதனால் எதை வாங்குவது என்பதைவிட எங்கே, எவ்வளவு நீளக் கையில் மாட்டுவது என்பதுதான் இங்கே பெரிய கேள்வி.

முதலில் அந்த நெளிவு எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். உங்களுடையது பழைய வகை எஞ்சின் (யுசிஇ என்பார்கள்), 346 சிசி, ஒற்றை சிலிண்டர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், குலுக்கலை எதிர்த்துச் சமன்செய்கிற பேலன்சர் ஷாஃப்ட் கிடையாது. (2020-இல் அதே கம்பெனியின் மீட்டியார் வண்டியோடு வந்து, 2021-இல் கிளாசிக்குக்கும் வந்த 349 சிசி எஞ்சினில் பேலன்சர் உண்டு. நண்பரின் புது கிளாசிக்கில் எடுத்த வீடியோ நன்றாக இருக்கிறது என்றால் காரணம் அவர் மவுண்ட் அல்ல.) 3000 ஆர்பிஎம்மில் ஓடும்போது கிராங்க் விநாடிக்கு 50 முறை சுற்றுகிறது, அதாவது 20 மில்லி விநாடிக்கு ஒரு குலுக்கல். கேமராவின் சென்சார் ஒரு படத்தை ஒரே நொடிப்பில் எடுப்பதில்லை. மேல் வரியில் ஆரம்பித்துக் கீழ் வரி வரை வரிசையாகப் படித்துக்கொண்டு போகிறது. அதற்குக் கேமராவைப் பொறுத்து ஏறத்தாழ 10 முதல் 20 மில்லி விநாடி ஆகும். மேல் வரியைப் படிக்கும்போது கேமரா ஓரிடத்தில் இருக்கிறது, நடு வரிக்கு வரும்போது இடப்பக்கம் நகர்ந்திருக்கிறது, கீழ் வரியில் வலப்பக்கம். நேராக நிற்கிற மின்கம்பம் படத்தில் பாம்பாக வளைவது இதனால்தான்.

கேமராவில் இருக்கிற ஸ்டெபிலைசேஷன் இதைச் சரிசெய்யாதா என்று கேட்பீர்கள். செய்யாது, செய்தாலும் அரைகுறைதான். அது கேமராவின் அசைவை ஜைரோ என்கிற உள் சென்சார் மூலம் அளந்து, ஒவ்வொரு ஃபிரேமையும் எதிர்ப்பக்கம் நகர்த்தி ஓரங்களை வெட்டுகிறது. சாலைப் பள்ளம், தலை ஆட்டம், கை நடுக்கம் போன்ற மெதுவான அசைவுகளுக்கு இது அருமையாக வேலை செய்யும். விநாடிக்கு 25 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்கு 40 மில்லி விநாடி. அந்த நேரத்துக்குள் உங்கள் எஞ்சின் இரண்டு முறை குலுக்கிவிடுகிறது. ஒரு ஃபிரேமுக்குள்ளேயே நடந்து முடிந்த நெளிவை, முழு ஃபிரேமை நகர்த்தி நிமிர்த்த முடியாது. எடிட்டிங் மென்பொருளிலும் இதே கதைதான். அதிர்வு கேமராவுக்குப் போகாமல் தடுப்பது ஒன்றே வழி.

இனி கையின் நீளம். கேமராவையும் கிளாம்பையும் இணைக்கும் அந்த அலுமினியக் கையை ஒரு முனையில் பிடித்த ஸ்கேல் என்று நினைத்துக்கொள்ளுங்கள். மேசை விளிம்பில் ஸ்கேலை 5 செ.மீ. வெளியே நீட்டித் தட்டினால் 'டிர்ர்' என்று கூர்மையாக ஒலித்து நின்றுவிடும், 20 செ.மீ. நீட்டினால் 'டொய்ங்' என்று கண்ணுக்குத் தெரிய ஆடும். அதே விசைக்கு வளைவு நீளத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். நீளம் இரண்டு மடங்கானால் வளைவு எட்டு மடங்கு. அதோடு ஆடும் வேகமும் குறைந்து, எஞ்சின் குலுக்குகிற வேகத்துக்கு அருகே வந்துவிடுகிறது. இரண்டும் பொருந்திவிட்டால் சின்ன அதிர்வைக்கூட மவுண்ட் பெரிதாக்கும். கடைக்காரர் மூன்று மூட்டு உள்ள நீளக் கையை "எந்த ஆங்கிளும் வைக்கலாம் சார்" என்று விற்பார். ஒரு மூட்டு, 5 செ.மீ.க்குள் முடிகிற கட்டையான மவுண்ட்தான் உங்களுக்கு வேண்டும். மூட்டு கூடக் கூட அங்கே தளர்வும் கூடும்.

அப்படியென்றால் எங்கே? நெடுநேர ரைடு வீடியோவுக்கு என் பதில் ஹெல்மெட்டின் தாடைப் பகுதி, அதாவது சின் மவுண்ட். வண்டியின் அதிர்வு சீட், இடுப்பு, முதுகு, கழுத்து என்று உங்கள் உடம்பு வழியாக வந்து சேர்வதற்குள் அடங்கிவிடுகிறது. உடம்பைவிட நல்ல டேம்பரை எந்தக் கம்பெனியும் விற்பதில்லை. மிச்சம் இருக்கிற மெதுவான அசைவை ஸ்டெபிலைசேஷன் பார்த்துக்கொள்ளும். கொண்டை ஊசி வளைவில் நீங்கள் எங்கே பார்க்கிறீர்களோ அங்கே கேமராவும் பார்க்கும். ஹேண்டில்பாரில் மாட்டினால் வளைவில் ஹேண்டில் திரும்புகிற பக்கமெல்லாம் படமும் சடாரென்று திரும்பும். 70 வளைவு உள்ள மலையில் அதைப் பார்க்கிறவருக்குத் தலை சுற்றிவிடும்.

சின் மவுண்டுக்கு முழுமுக ஹெல்மெட் தேவை. அரை ஹெல்மெட்டில் தாடையே இல்லை, உச்சியில் ஒட்டுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். கீழே விழும்போது கேமரா தரையில் சிக்கினால் தலையைத் திருகும், உயரத்தில் இருப்பதால் காற்று பின்னோக்கி இழுக்கும். சின் மவுண்டில் இரண்டு வகை உண்டு: பட்டை போட்டு இறுக்குவது, டேப்பால் ஒட்டுவது. முதல் முறை மாட்டுகிறவருக்குப் பட்டை வகை போதும், ஹெல்மெட்டுக்கு எந்தச் சேதமும் வராது. மாட்டியபின் வைசர் முழுதாக மூடுகிறதா, தாடைக் காற்றுத் துவாரம் அடைபடவில்லையா, கழுத்துப் பட்டியை வழக்கம்போல மாட்ட முடிகிறதா என்று மூன்றையும் பாருங்கள். வைசர் ஒரு மில்லிமீட்டர் திறந்து நின்றாலும் மழையில் உள்ளே தண்ணீர் இறங்கும்.

கோணம் வைப்பதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். கண்ணாடி முன் நின்று வைத்தால் தவறாகத்தான் வரும். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, ஏறி உட்கார்ந்து, ஓட்டும்போது உட்காருகிற மாதிரியே இருபது மீட்டர் தள்ளி ஒரு புள்ளியைப் பாருங்கள். இன்னொருவர் கேமரா ஆப்பில் படத்தைப் பார்த்துச் சொல்லட்டும். அடிவானம் படத்தின் நடுவிலோ சற்று மேலேயோ, ஹேண்டில்பாரும் மீட்டரும் கீழ்க் கால்பங்கிலோ இருக்க வேண்டும். தாடைப் பகுதி முன்பக்கம் சரிந்திருப்பதால், நேராக இருப்பதுபோல் தோன்றும் கேமரா உண்மையில் டேங்க்கைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். நீங்கள் நினைப்பதைவிடக் கொஞ்சம் அதிகமாக நிமிர்த்த வேண்டும்.

ஒட்டுகிற வகையையே தேர்ந்தெடுத்தால், அந்த நுரை டேப்பின் பலம் ஒட்டியவுடன் வராது. ஒட்டிய இருபது நிமிடத்தில் ஏறத்தாழ பாதி, ஒரு நாளில் பெரும்பகுதி, முழுப் பலத்துக்கு மூன்று நாள். காலையில் ஒட்டி மதியம் ஹைவேயில் போவதுதான் கேமராவைத் தொலைக்கிற நேர்வழி. ஒட்டும் இடத்தை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து உலரவிட்டு, அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பெட்ரோல், தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் மூன்றும் வேண்டவே வேண்டாம். பாலிகார்பனேட் ஓடாக இருந்தால் அவை கண்ணுக்குத் தெரியாத மயிரிழை வெடிப்பை உண்டாக்கும், ஹெல்மெட் அன்றோடு செத்தது. மேட் பெயிண்டில் டேப் நன்றாகப் பிடிக்காது. ஸ்டிக்கர் மேல் ஒட்டினால் டேப் விடாது, ஸ்டிக்கரே கழன்று வரும்.

ஹெல்மெட்டில் துளை போடாதீர்கள். இதில் "ஆனால்" எதுவும் இல்லை. சட்டப் பக்கம் இவ்வளவு: மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆவது பிரிவு தரமான ஹெல்மெட் அணியச் சொல்கிறது. 2021 ஜூன் முதல் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத இருசக்கர ஹெல்மெட்டை விற்கவே கூடாது. கேரள மோட்டார் வாகனத் துறை 2022-இல், ஹெல்மெட்டில் கேமரா வைத்தால் 1,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் லைசென்ஸ் தற்காலிக நிறுத்தம் என்று அறிவித்தது. பின்னொரு நாள் வால்பாறையிலிருந்து மளுக்கப்பாறை வழியாக அதிரப்பள்ளி இறங்குகிற எண்ணம் இருந்தால், மாநில எல்லையிலேயே ஹெல்மெட் கேமராவைக் கழற்றிப் பையில் போடுவது நல்லது. பாதுகாப்பைப் பொறுத்தவரை, தாடையில் இருக்கிற 150 கிராம் கேமரா விபத்தில் எவ்வளவு கெடுதல் செய்யும் என்பது விழுகிற கோணத்தைப் பொறுத்தது, யாரும் உறுதி தர முடியாது. நீட்டிக்கொண்டிருப்பது குறையக் குறைய ஆபத்தும் குறையும், பலமாக அடிபட்டால் கழன்று விழுகிற மவுண்ட்டே கழலாத மவுண்டைவிட நல்லது என்பது மட்டும் தெளிவு. அதனால் ஹெல்மெட் கேமராவுக்குப் பாதுகாப்புக் கயிறு கட்டாதீர்கள்.

வண்டியில் கட்டாயம் ஓர் ஆங்கிள் வேண்டும் என்றால், அதை இரண்டாவது கேமராவாக, பத்து இருபது விநாடித் துண்டுகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வண்டியில் கிராஷ் கார்டு கவர்ச்சியான இடம், ஆனால் அதன் வெளி வளைவுதான் வண்டியிலேயே அதிகம் நடுங்குகிற இடங்களில் ஒன்று. வண்டியின் இரும்புச் சட்டத்தோடு போல்ட் ஆகிற முனைக்கு நாலு விரல் தூரத்துக்குள் மாட்டினால் பிழைக்கலாம். பின்புறக் கேரியர், பின்சீட் கைப்பிடியின் அடிப்பகுதி இரண்டும் ஓரளவு அமைதியானவை. பின்னால் வருகிற நண்பரின் வண்டியை எடுக்க ஏற்றவை. கண்ணாடிக் கம்பியில் மாட்டாதீர்கள், கண்ணாடியே ஆடுவதைத் தினமும் பார்க்கிறீர்கள். (வேறு வண்டிக்காரர்கள் கண்ணாடியைக் கழற்றி அந்த மரையில் மவுண்ட் போடுவதுண்டு. யமஹாவில் வலப்பக்கம் தலைகீழ் மரை, தெரியாமல் திருகினால் மரை போய்விடும்.) முன் ஃபோர்க்கின் அடிக்கால் சாலையின் ஒவ்வொரு கல்லையும் நேராக வாங்குகிற இடம், அங்கே வேண்டாம். டேங்க்கில் உறிஞ்சுக் கோப்பை வைக்கிறவர்கள் வெயிலில் நின்ற வண்டியில் வைத்துப் பாருங்கள், மதியத்துக்குள் அது தானே கழன்றுகொள்ளும்.

கிளாம்ப் வாங்கும்முன் குழாயின் விட்டத்தை அளந்துவிடுங்கள். பெரும்பாலான இந்திய வண்டிகளில் ஹேண்டில்பார் 22 மி.மீ., சில பெரிய வண்டிகளின் தடித்த பாரில் நடுப்பகுதி 28.6 மி.மீ., கிராஷ் கார்டு குழாய் இதிலிருந்து மாறும். வெர்னியர் இல்லையென்றால் நூலைச் சுற்றி அளந்து 3.14-ஆல் வகுங்கள். உலோகக் கிளாம்ப்பாக, இரண்டு போல்ட் உள்ளதாக எடுங்கள். கிளாம்ப்புக்கும் குழாய்க்கும் நடுவே பழைய சைக்கிள் டியூப் துண்டு ஒரே ஒரு சுற்று வையுங்கள். அது வழுக்காமல் பிடிக்கும், கீறல் விழாது, மெல்லிய கரகரப்பையும் தின்றுவிடும். இரண்டு மூன்று சுற்று வைத்தால் மெத்தை போல ஆகிக் கேமரா தலையாட்ட ஆரம்பிக்கும். இரு போல்ட்டையும் மாற்றி மாற்றி அரைச் சுற்றாக இறுக்குங்கள். கேமராவையும் மவுண்டையும் கோக்கிற விரல் போன்ற நீட்டங்களுக்கு நடுவே போகிற எம்5 போல்ட்டைக் கையால் முழுக்க இறுக்கி, பிறகு ஸ்பேனரால் கால் சுற்று, அவ்வளவுதான். அதற்குமேல் போனால் பிளாஸ்டிக் விரல் வெடிக்கும்.

போல்ட் கழலாமல் இருக்க மரைப்பசை போடலாமா என்று பலரும் கேட்பார்கள். உலோகத்துக்கு உலோகம் என்றால் கழற்றக்கூடிய நீல வகையில் ஒரு சொட்டு போடலாம். பிளாஸ்டிக் பாகத்தின் பக்கத்தில் வேண்டாம். அந்தத் திரவம் பாலிகார்பனேட், ஏபிஎஸ் போன்ற பிளாஸ்டிக்கை வெடிக்க வைக்கும், இரண்டாம் நாள் காரணமே தெரியாமல் மவுண்ட் ஒடியும். அங்கே நைலான் வளையம் உள்ள நட்டு போதும். வண்டியில் மாட்டுகிற கேமராவுக்குக் கட்டாயம் ஒரு பாதுகாப்புக் கயிறு வேண்டும். மெல்லிய நைலான் கயிற்றை மவுண்டில் கட்டாமல் கேமரா கூட்டிலிருந்து வண்டிச் சட்டத்துக்குக் கட்டுங்கள். மவுண்ட் ஒடிந்தால் மவுண்டோடு கட்டிய கயிறும் சேர்ந்துதான் போகும். கேமரா தொங்கினால் சக்கரத்தையோ செயினையோ எட்டாத நீளத்தில் அது இருக்கட்டும். கடைசியாக ஹேண்டிலை இரு பக்கமும் பூட்டு வரை திருப்பிப் பாருங்கள். கிளச் கேபிள், பிரேக் ஹோஸ், ஆக்சிலரேட்டர் கேபிள் எதையாவது மவுண்ட் தொட்டால் இடத்தை மாற்றுங்கள்.

ஃபோனைப் பற்றி. அதைத் திரும்ப ஹேண்டில்பாரில் வைத்து வீடியோ எடுக்க வேண்டாம். நல்ல ஃபோன்களில் லென்ஸ் ஸ்பிரிங்கிலும் காந்தத்திலும் மிதக்கிறது. அதைத்தான் ஆப்டிகல் ஸ்டெபிலைசேஷன் என்கிறார்கள். சக்திவாய்ந்த மோட்டார் சைக்கிள் எஞ்சினின் அதிர்வு நாளடைவில் அந்த அமைப்பையும் ஆட்டோஃபோகஸையும் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-இல் எச்சரித்தது. எத்தனை கிலோமீட்டரில் கெடும் என்றோ, உங்கள் ஃபோன் கட்டாயம் கெடும் என்றோ யாரும் சொல்ல முடியாது. ஆண்டுக்கணக்கில் தப்பித்தவர்களும் உண்டு, ஒரே பயணத்தில் ஃபோகஸ் போனவர்களும் உண்டு. வழி பார்க்க மட்டும் ஃபோன் வேண்டுமானால் ரப்பர் டேம்பர் உள்ள ஹோல்டரில் வையுங்கள்.

செட்டிங் விஷயத்தில் இரண்டே இரண்டை மட்டும் சொல்கிறேன். ஃபிரேம் வேகம் 25 அல்லது 50, ஆன்டி-ஃபிளிக்கர் 50 ஹெர்ட்ஸ். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 30, 60-இல் எடுத்தால் இரவில் தெருவிளக்கும் கடை விளக்கும் மினுங்கும். அடுத்தது ஹொரைசன் லாக். அதை முழுதாகப் போட்டால் படத்தில் அடிவானம் சாயாமலே நிற்கும், வளைவில் சாய்கிற உணர்வு போய்விடும். மலைப்பாதை வீடியோவின் ருசியே அந்தச் சாய்வுதான், அணைத்து வையுங்கள். லென்ஸ் முன் மாட்டுகிற, ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டர் பற்றிப் பலர் பெரிதாகப் பேசுவார்கள். உச்சி வெயிலில் எஃப் 2.8 லென்ஸ், ஐஎஸ்ஓ 100 என்றால் ஷட்டர் 1/3200 விநாடி அளவில் நிற்கும், ஒளியைப் பதினாறில் ஒரு பங்காக்கும் என்டி 16 போட்டால் 1/200-க்கு வரும், சாலை ஓடுவது வழவழப்பாகத் தெரியும். நாற்கரச் சாலைக்கு நல்லது. மரநிழலும் வெயிலும் மாறி மாறி வருகிற மலைப்பாதையில் அதே ஃபில்டர் நிழலில் படத்தை இருட்டாக்கி இழுவிவிடும். மலை ஏறுமுன் கழற்றிவிடுங்கள்.

கார்டும் பேட்டரியும் வெறும் கணக்கு. விநாடிக்கு 60 மெகாபிட் வேகத்தில் எழுதினால் மணிக்கு 27 ஜிபி, 128 ஜிபி கார்டு நாலரை மணி நேரம் சொச்சம் தாங்கும். 100 மெகாபிட் என்றால் மணிக்கு 45 ஜிபி. கார்டில் எழுதும் வேகத்தைக் காட்டும் வி30 முத்திரை இருக்கட்டும், கிளம்புமுன் கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள். ஒரு பேட்டரி ஒரு மணி, ஒன்றரை மணி நேரம்தான் வரும். வண்டியிலிருந்து யுஎஸ்பி எடுப்பதென்றால் பேட்டரியிலிருந்து நேராக, 3 ஆம்பியர் ஃபியூஸ் போட்டு, சாவி அணைத்தால் அணைகிறபடி ரிலே வழியாக எடுக்கச் சொல்லுங்கள். ஹெட்லைட் வயரில் கிள்ளி எடுக்கிற வேலைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். யுஎஸ்பி மூடியைத் திறந்து கேபிள் செருகிவிட்டால் கேமராவின் நீர்க்காப்பு போய்விடும், மழைக்கு முன் இது நினைவிருக்கட்டும். ஓடும்போது காற்றில் குளிர்ந்துகொண்டே இருக்கிற கேமரா, ரயில்வே கேட்டில் வெயிலில் பத்து நிமிடம் நின்றால் சூடேறித் தானே அணைந்துவிடும். நிற்கும்போது ரெக்கார்டிங்கை நிறுத்துங்கள்.

சத்தம் வேண்டுமென்றால் கேமராவின் மைக்கை நம்ப வேண்டாம், வேகம் கூடினால் வெறும் காற்றிரைச்சல்தான் பதியும். காலர் மைக்கை பஞ்சுறையோடு ஹெல்மெட்டின் கன்னத் திண்டுக்குள் உதட்டருகே வைத்தால் பேச்சும், கூடவே அந்த 'டுக் டுக்'கும் அளவாகக் கேட்கும்.

போகுமுன் ஒரு மாலை ஒதுக்கிச் சோதித்துவிடுங்கள். உங்கள் வண்டியில் ஆர்பிஎம் காட்டுகிற டேக்கோமீட்டர் இல்லை, அதனால் டாப் கியரில் 40, 60, 80 கிலோமீட்டர் வேகத்தில் இருபது இருபது விநாடி எடுங்கள், மவுண்ட் இடத்தை மாற்றி மறுபடி மூன்று முறை. இதை ஃபோனில் பார்க்காமல் வீட்டு டிவியில் ஓட்டிப் பாருங்கள், நெளிவு ஃபோன் திரையில் ஒளிந்துகொள்ளும். ஒரு வேகத்தில் மட்டும் நெளிந்தால் அந்த இடத்தில் கையின் நீளத்தைக் குறைக்க வேண்டும். எல்லா வேகத்திலும் நெளிந்தால் இடத்தையே மாற்ற வேண்டும். பயணத்தன்று நாமக்கல்லிலிருந்து வந்து காரவள்ளியில் வளைவுகள் ஆரம்பிக்குமுன் வண்டியை நிறுத்தி, லென்ஸைத் துடைத்து, எல்லா போல்ட்டையும் விரலால் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். அதுவரை வந்த தார்ச்சாலை எதையாவது தளர்த்தியிருந்தால் அது அங்கேயே தெரிந்துவிடும்.